கில்பர்ட் கட்டிய பெல்ட்

கில்பர்ட் சரியாகக் கட்டவில்லை என்று எங்கள் ஊர் கெலாங் பாத்தாவில் யார் சொன்னாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்து என்ன பிரயோஜனம்? நானும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான்.

என் பெயர் மணியம். வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். என் கடைக்கு அடுத்த கடையில் ட்ரெய்லர் செய்து விற்பார்கள், வாடகைக்கும் விடுவார்கள். முதலாளி ஒரு சீனர். காலையில் வருவார், காப்பி குடிப்பார், போய்விடுவார். மற்றதெல்லாம் கில்பர்ட்தான். பதினான்கு வருஷம் அந்தக் கடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவன் அவன்.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் சிங்கப்பூரில் மண்வாரி இயந்திரங்களை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. விடிவதற்குள் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தைத் தாண்டியாக வேண்டும். மனைவி கத்தரினுக்கு உடம்பு முடியாமல் போனதும் அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். கத்தரின் பிழைக்கவில்லை. அப்போது மகள் மெலிசா பள்ளியில் மூன்றாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பெண்தான் அவனுக்கு எல்லாம். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று சர்ச்சில் எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்டால்தானே.

அவன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். வார இறுதி வந்தால் ஜொகூரில் ஒரு கூட்டம் கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் காட்டுக்குள் ஜீப்பை விட்டுச் சேற்றில் புரளும். அந்த ஜீப்புகளுக்கு யானைக்கால் மாதிரி டயர். ஹைவேயில் ஓட்டினால் சத்தம் காதைக் கிழிக்கும். பாதிக்கு ரோட் டாக்ஸும் கிடையாது. அதனால் ஜீப்பை ட்ரெய்லரில் ஏற்றி, வீட்டு எஸ்யூவியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் எஸ்யூவியில் ஏர்கானில் உட்கார்ந்திருப்பார்கள். ஜீப் பின்னால் ராஜா மாதிரி வரும்.

அப்படிப் போகிற ஒவ்வொருவரும் கில்பர்ட் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் எஸ்யூவியின் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பான். அது எவ்வளவு இழுக்கும், ஜீப் எவ்வளவு கனம், ட்ரெய்லர் எவ்வளவு கனம் என்று பென்சிலால் அட்டையில் எழுதிக் கூட்டுவான். "இழுக்கிறது எந்த வண்டியும் இழுக்கும் பாஸ். நிறுத்தணுமே" என்பான். பிறகு ஜீப்பை ஏற்றி, எஸ்யூவியில் மாட்டும் முனையை, அதாவது ட்ரெய்லரின் மூக்கை, தராசில் வைப்பான். பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கிய மேடைத் தராசு அது. மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் உட்கார வேண்டும். அதிகமானால் எஸ்யூவியின் பின்பக்கம் அமுங்கி ஸ்டீயரிங் பிடிக்காது. குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். வாலாட்ட ஆரம்பித்துவிட்டால் முன்னால் போகிற வண்டியை அது ஓட்டும், நீங்கள் ஓட்ட மாட்டீர்கள்.

அப்புறம் பெல்ட். நான்கு மூலைக்கு நான்கு. முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுப்பான். மூக்குக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவான். லைட் எரிகிறதா என்று என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிக் கூப்பாடு போடுவான். பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லி அனுப்புவான். யாராவது அவசரப்பட்டால் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். ஒரு முறை ஒரு டாக்டர் கத்து கத்தென்று கத்தினார். கில்பர்ட் அமைதியாக ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, "நாளைக்கு வாங்க டாக்டர், இன்னிக்கு உங்களுக்கு நேரம் இல்ல" என்றான். டாக்டர் அடுத்த நாள் வந்தார். வராமல் எங்கே போவார்?

பதினான்கு வருஷத்தில் அவன் கட்டி அனுப்பிய ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. அவனுக்குச் சொந்த வீடு இல்லை, வங்கியில் பெரிதாக ஒன்றும் இல்லை. கில்பர்ட் கட்டினால் கட்டினதுதான் என்ற பெயர் இருந்தது. அதை அவன் சட்டையைப் போல உடம்பிலேயே போட்டுக்கொண்டு திரிந்தான்.

மெலிசா படித்து முடித்து சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். அங்கே ஜீவன் என்ற பையனைப் பிடித்துப்போனது. நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் அப்பா தங்கராஜு ஃபேக்டரிகளுக்குத் துப்புரவு ஆட்கள் அனுப்பும் காண்ட்ராக்டர். தங்காக் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து மேலே வந்தவர். அவருடைய வேன்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது நான். அதாவது என் அடுப்பில் பாதி அவர் புண்ணியத்தில் எரிந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

தங்கராஜு சம்மதித்துவிட்டார். அவர் மனைவி செல்லம்தான் இழுத்துக்கொண்டே இருந்தார். வேதக்கார வீட்டுப் பெண் நம் சாமியைக் கும்பிடுமா, விளக்கேற்றுமா என்று ஆயிரம் கேள்வி. கடைசியில் தங்காக் எஸ்டேட்டில் இருக்கும் அவர்கள் குலசாமி கோயிலில் தாலி கட்டுவது, அடுத்த நாள் சர்ச்சில் ஆசீர்வாதம் என்று முடிவானது. கில்பர்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவன், சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. "ஏன்டா இப்படி வளையுற?" என்று கேட்டேன். "அவ அங்கதான் லா வாழணும், மணியம். நான் ஒரு பேச்சு பேசிட்டு வந்துருவேன். அவ தினமும் கேக்கணும்" என்றான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த ஜீப் விவகாரம் வந்தது. மகனுக்காக தங்கராஜு ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தார். நான்தான் நான்கு மாதம் அதைச் சுரண்டித் தேய்த்துப் பச்சை அடித்துப் புதுசாக்கினேன். குலசாமிக்கு முன்னால் பூஜை போட்ட பிறகுதான் அதைப் பையனிடம் கொடுப்பது என்று செல்லம் சொல்லிவிட்டார். ரோட் டாக்ஸ் இன்னும் எடுக்கவில்லை. அதனால் தங்கராஜுவின் எஸ்யூவியில் மாட்டி தங்காக்குக்கு இழுத்துப் போக வேண்டும். சம்பந்தியே இந்தத் தொழிலில் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு தங்கராஜு வந்தார். பட்டு வேட்டி. எஸ்யூவியின் பின் சீட் முழுக்கப் பூமாலை, வாழைப்பழம். செல்லமும் ஜீவனும் முதல் நாளே தங்காக் போய்விட்டார்கள். கில்பர்ட் ஜீப்பை முன்பக்கமாக ஏற்ற ஆரம்பித்தான். தங்கராஜு கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படி இல்ல சம்பந்தி. ரிவர்ஸ்ல ஏத்துங்க."

"ஏங்க?"

"கோயில் வாசல்ல மேளம் அடிக்கிறப்ப ஜீப்பு சாமியைப் பாத்துக்கிட்டே இறங்கணும். இறங்கி நேரா எலுமிச்சம்பழத்து மேல ஏறணும். நீங்க இப்படி ஏத்துனா அங்க போய் ரிவர்ஸ்ல இறக்கணும். சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டு இறங்கலாமா? பூசாரி வேணாம்னுட்டாரு. உங்க சம்பந்தியம்மாவும் அதேதான் சொல்றாங்க."

எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றுவது நாம் எல்லோரும் செய்வதுதான். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் ட்ரெய்லரிலிருந்து இப்படித்தான் இறங்க வேண்டும் என்று எந்தக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறது? எனக்கு அப்போதே நாக்கு வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். வெளியே தங்கராஜுவின் வேன்கள் இரண்டு பெயிண்டுக்காக நின்றுகொண்டிருந்தன.

கில்பர்ட் பொறுமையாகச் சொன்னான். "ஜீப்புக்கு எஞ்சின் முன்னாடி இருக்கு. கனம் எல்லாம் அங்கதான். திருப்பி ஏத்துனா கனம் ட்ரெய்லர் வால்ல போயிரும். மூக்கு லேசாயிரும். ஹைவேயில ஆட்டம் காட்டும்." சொன்னதோடு விடவில்லை. திருப்பி ஏற்றி, தராசையும் வைத்துக் காட்டினான். நூற்றைம்பது கிலோ இருக்க வேண்டிய இடத்தில் முள் நாற்பதில் நின்றது. ஜீப்பை இன்னும் முன்னால் தள்ளலாம் என்றால் பின்னால் தொங்கும் ஸ்பேர் டயர் ட்ரெய்லரின் கம்பத்தில் முட்டியது. டயரைக் கழற்றி ஒரு முழம் தள்ளினான். அறுபத்தைந்து.

"மூக்குல ரெண்டு மண் மூட்டை வெச்சுக்கிறேன்" என்றான்.

"சாமிக்குப் போற வண்டியில மண்ணா?" என்றார் தங்கராஜு.

"அப்போ ஒண்ணு பண்ணலாம். நேரா ஏத்திக்கிட்டுப் போவோம். எஸ்டேட் முச்சந்தியில இறக்கித் திருப்பிருவோம். அங்கேர்ந்து கோயிலுக்கு நானே ஓட்டிக்கிட்டு வரேன், சாமியைப் பாத்துக்கிட்டே."

நல்ல யோசனை. யார் கேட்டாலும் ஒப்புக்கொள்கிற யோசனை. ஆனால் வாசலில் ஊர் ஜனம் நிற்கும், ட்ரெய்லரிலிருந்து இறங்குவதைத்தான் பார்க்க வந்திருப்பார்கள். தங்கராஜு என்ற மனிதர் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டியவருடைய மகன், இன்றைக்கு என்ன கொண்டு வந்து இறக்குகிறார் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? அவர் முகம் சுருங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"சம்பந்தி, நாளைக்கு உங்க பொண்ணு உக்காரப்போற வண்டி இது. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இதுல மட்டும் தலையிட வேணாம்."

கில்பர்ட் என்னைப் பார்த்தான். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. நான் குனிந்து ஜீப்பின் கதவில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

கில்பர்ட் போய் பெல்ட்டுகளை எடுத்து வந்தான். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாகத் தப்பாக ஏறிய வண்டிக்கு பெல்ட் கட்டினான். கட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்கு பெல்ட், முழங்கால் ஊன்றி. சங்கிலி. லைட். நான் ஓட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். புது எஸ்யூவி, தங்கராஜு ஸ்டீயரிங்கை விடுவதாயில்லை. "சரி. எழுபதுக்கு மேல போக வேணாம். ஆட்டம் கண்டா பிரேக்ல கால் வைக்காதீங்க, ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். புறப்படும்போது மணி எட்டே கால்.

வழியில் நடந்ததை கில்பர்ட் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னான். பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி இறுக்கினார்கள். சிம்பாங் ரெங்கம் வரை எழுபதிலேயே போனார்கள், ஒன்றும் இல்லை. அங்கே பூசாரியிடமிருந்து ஃபோன். பதினொரு மணியோடு நல்ல நேரம் முடிகிறது, எங்கே இருக்கிறீர்கள் என்று. தங்கராஜு மிதிக்க ஆரம்பித்தார். எண்பது, தொண்ணூறு, நூறு. கில்பர்ட் சொல்லிக்கொண்டே வந்தான். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. நீங்க சும்மா பயப்படுறீங்க" என்று அவர் சிரித்தார். மாச்சாப் தாண்டி ஒரு இறக்கத்தில் எக்ஸ்பிரஸ் பஸ் ஒன்று வலப்பக்கம் உரசுகிற மாதிரி முந்திப் போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் ஒரு முறை ஆடியது. அடுத்த ஆட்டம் பெரிது. மூன்றாவதில் எஸ்யூவியின் பின்பக்கத்தையே தூக்கிப் போட்டது.

"கால எடுங்க, பிரேக் வேணாம்" என்று கில்பர்ட் சொன்னான். தங்கராஜு பிரேக்கை அழுத்தினார். யாருக்கும் கால் அங்கேதான் போகும், அதனால்தான் கில்பர்ட் வருஷக்கணக்காக அத்தனை பேருக்கும் அதைச் சொல்லி அனுப்பினான். எஸ்யூவி சுற்றித் திரும்பித் தடுப்பில் மோதியது. ட்ரெய்லர் புரண்டது. பின்னால் வந்தவர்கள் புண்ணியவான்கள், தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தங்கராஜுவுக்கு நெற்றியில் ஒரு கீறல். கில்பர்ட்டுக்கு தோள் எலும்பு முறிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். தங்காக்கிலிருந்து செல்லமும் ஜீவனும் ஒரு வேன் நிறைய உறவும் வந்திருந்தார்கள். கல்யாணத்துணி வாங்கப் போயிருந்த மெலிசா ஜொகூர் பாருவிலிருந்து அழுதுகொண்டே வந்து அப்பாவின் கட்டிலோரம் நின்றாள். நடைபாதையில் செல்லம் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"குலசாமிக்குப் போன வண்டியே பாதி வழியில கவுந்துருச்சு. இதுக்கு மேல சாமி வாயத் தொறந்து சொல்லணுமா? இந்தக் கல்யாணம் வேணாங்க. வேணாம்னுதான் சாமி காட்டிருச்சு."

உறவுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜீவன் ஏதோ சொல்லப் போனான். ஒரு பெரியம்மா அவன் வாயை அடைத்தார். தங்கராஜு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூறில் போனேன், பிரேக் அடித்தேன், வண்டியைத் திருப்பி ஏற்றச் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சகுனமும் இல்லை, சாமியும் இல்லை, மனிதன் செய்த முட்டாள்தனம் என்று முடிந்திருக்கும். ஆனால் திருப்பி ஏற்றச் சொன்னது செல்லமும் பூசாரியும். அதை யார் செல்லத்திடம் சொல்வது?  மெலிசாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் கில்பர்ட், தோளில் கட்டோடு, கட்டிலிலிருந்து எழுந்து நடைபாதைக்கு வந்தான்.

"சம்பந்தியம்மா, சகுனம் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் தப்பு. நான்தான் பெல்ட்டைச் சரியா இழுக்கல. கல்யாண வேலை ஞாபகத்துல அசட்டையா இருந்துட்டேன். ஜீப்பு நகந்துருச்சு. சாமி மேல பழி போடாதீங்க."

 தங்கராஜு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். ஒரு நொடி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் செல்லத்தின் பக்கம் திரும்பி, "நான்தான் சொன்னேன்ல, கட்டுனதுல ஏதோ கோளாறுன்னு" என்றார்.

செல்லம் மூச்சு விட்டார். கோபம்தான் வந்தது அவருக்கு, ஆனால் கோபம் சகுனத்தைவிடச் சின்னது. "இதுதான் உங்க தொழில்னு சொன்னாங்களே" என்று கேட்டார். கில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். கல்யாணம் நின்றுபோகவில்லை. மெலிசா அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்ப்பா, கொஞ்சம் பாத்துக் கட்டிருக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் நிலையத்தில் அந்த ட்ரெய்லரை நான் பார்த்தேன். கில்பர்ட்டின் முதலாளி போய்ப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். பக்கவாட்டில் கிடந்தது. ஜீப் அதன் மேலேயே இருந்தது. நான்கு பெல்ட்டும் கட்டியபடியே இருந்தன. புரண்டு, இழுபட்டு, தடுப்பில் மோதியும் ஒன்றுகூட ஒரு விரல் அளவு நெகிழவில்லை. ஜீப்பை இறக்கக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. கண் இருக்கிறவன் யார் வந்து பார்த்திருந்தாலும் கில்பர்ட் சொன்னது பொய் என்று தெரிந்திருக்கும். யாரும் வந்து பார்க்கவில்லை.

நான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "அவனே ஒத்துக்கிட்டானே, நான் என்ன செய்ய?" என்று மலாயில் கேட்டார். தங்கராஜு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னவர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் தூங்க முடியும் போலிருக்கிறது. ஜீப் ஓட்டும் கூட்டம் முழுக்க அவருக்கு நண்பர்கள். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏற்ற வருகிறவர்கள் கில்பர்ட் கட்டிவிட்டுப் போன பிறகு, அவன் கண் முன்னாலேயே பெல்ட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். அந்த டாக்டர்கூட வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். முதலாளி அவனை வெல்டிங் பக்கம் போகச் சொன்னார். முறிந்த தோள் வெல்டிங்குக்கு ஒத்துவரவில்லை. நான்கு மாதத்தில் அவனே வேலையை விட்டான். இப்போது ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். பெட்டிகளை எண்ணி அடுக்குவது வேலை.

நான் தங்கராஜுவின் வேன்களை அதன் பிறகு தொடவில்லை. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். அன்றைக்குக் காலையில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஜீப் நேராக ஏறியிருக்கும். நானும் அவர் சாமியைக் கும்பிடுகிறவன், நான் சொன்னால் தலையிடுவதாக ஆகியிருக்காது. கில்பர்ட்டால்தான் பேச முடியாது. பேச முடிந்தவன் தூசி துடைத்துக்கொண்டிருந்தான்.

மெலிசாவிடமாவது சொல் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "சொன்னா அவ புருஷன்கிட்ட கேப்பா. அவன் அப்பாகிட்ட கேப்பான். அப்புறம் அந்த வீட்டுல அவ எப்படி இருப்பா? நல்லாதானே இருக்கா. விடு லா" என்பான். விட்டுவிட்டேன். மகள் மனதுக்குள் அப்பாவை அறிவாள், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் தானாகப் புரிந்துகொள்வாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதை அவன் சொல்லிக் கேட்டதில்லை. அவன் நடந்துகொண்ட விதத்தில் தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெலிசாவுக்கு இப்போது இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, பெயர் பிரேமலா. ஜீவனுக்கு சிங்கப்பூரில் ஓவர்டைம். மெலிசா குழந்தையோடு அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். நானும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பிப் போகும்போது தன் காரிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று கில்பர்ட்டுக்கு ஆசை. அதற்காகவே ஒரு குழந்தை சீட் வாங்கியிருந்தான். சனிக்கிழமை முழுக்க அதை மாட்டினான். புத்தகத்தை மூன்று தடவை படித்தான். சீட்டுக்குள் முழங்காலை ஊன்றி, அந்தத் தோளோடு, பெல்ட்டை இழுத்துக் கட்டினான். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கார்தான் ஆடியது.

மாலை ஐந்து மணிக்குக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். குழந்தை தாத்தா தாத்தா என்று சீட்டைப் பார்த்துத் தாவியது. மெலிசா அதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. கிராப் டாக்ஸி கூப்பிட்டாச்சு."

"எதுக்கும்மா? சீட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கேன். வந்து பாரேன்."

அவள் பார்த்தாள். கிட்ட வரவில்லை. அவள் கெட்ட பெண் இல்லை. அவளுக்குச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்கப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல, அத்தைதான் சொல்லி வெச்சிருக்காங்க... நீங்க கட்டுனதுல பாப்பாவை உக்கார வைக்க எனக்கே பயமா இருக்குப்பா."

நான் ஆறடி தூரத்தில் நின்றேன். கில்பர்ட் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினான். பேசாதே என்று அர்த்தம். இந்தத் தடவையும் நான் பேசவில்லை.

"சரிம்மா" என்றான் அவளிடம்.

கிராப் வந்தது. ஓட்டுகிறவன் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, ஒரு கையில் ஃபோன் வைத்திருந்தான். குழந்தை சீட் கிடையாது. மெலிசா பிரேமலாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள், பெல்ட் போடவில்லை. அப்பாவுக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.